விண்ணப்பத்தில் எழுதுவதா, விடுவதா?

மருதானை டெக்னிக்கல் சந்தியைச் சுற்றியுள்ள கொமியூனிகேஷன் கடைகளில் தினமும் வேலை விண்ணப்பங்கள் தட்டச்சாகின்றன. ஓட்டிசம், ஏ.டி.எச்.டி., டிஸ்லெக்சியா போன்ற நரம்பியல் வேறுபாடு உள்ள இளைஞர்கள் அங்கே இரண்டு விதமாகத் தவறு செய்கிறார்கள். ஒருவர் நேர்மை என்று நினைத்து, சுயவிபரக் கோவையின் முதல் பக்கத்திலேயே அதை எழுதிவிடுகிறார். அழைப்பே வருவதில்லை. இன்னொருவர் வீட்டார் சொல்கேட்டு, படிவத்தில் நேராகக் கேட்ட கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதிக் கையொப்பமிடுகிறார். தகுதிகாண் காலத்தில் விஷயம் தெரியவந்ததும் அந்தக் கையொப்பமே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது.

பிரித்தானியாவில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, வேலை தருவதாகச் சொல்லும் முன் உடல்நலம் பற்றிப் பொதுவாகக் கேட்கக் கூடாது. இலங்கையில் அப்படியொரு தடை இல்லை. இங்கே இருப்பது 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். அங்கவீனத்தைக் காரணம் காட்டி ஆட்சேர்ப்பில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது அதன் 23ஆம் பிரிவு. ஆனால் தன் வாழ்க்கைத் தேவைகளைத் தானே முழுமையாகவோ பகுதியாகவோ நிறைவேற்ற முடியாதவர்தான் அச்சட்டத்தின் கண்ணில் அங்கவீனர். பட்டம் பெற்று, பஸ் ஏறி, தனியாக வேலைக்குப் போய்வரும் டிஸ்லெக்சியாக்காரர் இதற்குள் அடங்குவாரா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கத்தான் செய்வார். இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஓட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் பெயர் சொல்லியே பட்டியலிட்டிருக்கிறது. நம்மவர்கள் சட்டம் இயற்றி இத்தனை ஆண்டுகளாகியும் அந்த வரைவிலக்கணத்தைத் திருத்தாமல் வைத்திருப்பது வெட்கக்கேடு.

ஆகவே உங்கள் பாதுகாப்பு நீங்கள் எழுதும் விதத்தில்தான் இருக்கிறது. முதலில் ஒன்றைத் தீர்மானியுங்கள்: இந்த வேலையிலோ இதன் நேர்முகப் பரீட்சையிலோ உங்களுக்கு ஏதாவது மாற்றிக் கொடுக்கப்பட வேண்டுமா? வேண்டாமென்றால், கேளாமலே சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. சுயவிபரக் கோவையில் எழுதவே வேண்டாம். வேண்டுமென்றால், நேர்முகத்துக்கு அழைப்பு வந்த பிறகு, தேவையை மட்டும் எழுதுங்கள்: “எழுத்துப் பரீட்சைக்கு மேலதிகமாக 20 நிமிடம் தேவை”, “வினாக்களை அச்சில் தந்தால் நன்றாகப் பதிலளிப்பேன்”. நோயின் பெயரைக் கேட்டால் மருத்துவக் கடிதத்தைக் காட்டலாம். எதையும் தொலைபேசியில் சொல்லி முடிக்காதீர்கள். மின்னஞ்சலில் அல்லது பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வாய்ப்பேச்சை நாளைக்கு யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

“உடல் அல்லது உளக் குறைபாடு உண்டா?” என்று படிவமே கேட்டால் ‘இல்லை’ என்று எழுத வேண்டாம். அடியில் இருக்கும் பிரகடனத்தை ஒருதரம் வாசியுங்கள்: தகவல் பொய்யானால் நியமனத்துக்குப் பின்னும் நீக்கலாம் என்றே பெரும்பாலும் இருக்கும். “இப்பதவியின் கடமைகளைச் செய்யத் தடையான நிலை எதுவும் எனக்கு இல்லை” என்று எழுதலாம், அது உண்மையாக இருந்தால் மட்டும். மீண்டும் சொல்கிறேன், ‘இல்லை’ என்ற ஒற்றைச் சொல்லுக்குக் கையொப்பமிட வேண்டாம்.

அரச வேலை என்றால் கணக்கு வேறு. 1988ஆம் ஆண்டின் 27/88 இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, தகுதியுள்ள அங்கவீனருக்கு 3 வீத வெற்றிடங்களை ஒதுக்கச் சொல்கிறது. அந்த ஒதுக்கீட்டைக் கோருபவர் தொடக்கத்திலேயே சொல்லத்தான் வேண்டும், அதுவும் ஆவணத்தோடு. தேசிய வைத்தியசாலையின் உளமருத்துவ கிளினிக்குக்குப் போங்கள். கடிதத்தில் நோயின் பெயரோடு, நீங்கள் செய்யக்கூடிய வேலையும் தேவைப்படும் உதவியும் இருக்க வேண்டும் என்று வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள். பெயர் மட்டும் உள்ள கடிதம் எந்த மேசையிலும் நகராது. சாதாரண தரத்தில் பரீட்சைத் திணைக்களம் மேலதிக நேரம் தந்திருந்தால் அந்தக் கடிதத்தையும் சேருங்கள். பிறகு பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். மருதானை, கொட்டாஞ்சேனைக்காரருக்குக் கொழும்புப் பிரதேச செயலகம், வெள்ளவத்தைக்காரருக்குத் திம்பிரிகஸ்யாய. “சிங்களத்தில் எழுதிக்கொண்டு வாங்க” என்று திருப்பி அனுப்பினால் போய்விடாதீர்கள். தமிழில் அலுவல் செய்யும் உரிமையை அரசியலமைப்பே தந்திருக்கிறது.

மறுக்கப்பட்டால் நாட்களை எண்ணத் தொடங்குங்கள். அரச நிறுவனமென்றால், அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய ஒரே ஒரு மாதம்தான். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது. அவசர அழைப்பு இலக்கம் 1996. முறைப்பாடு கொடுத்தாயிற்று என்று வீட்டில் இருந்துவிட வேண்டாம், விசாரணை நடப்பதற்கு எழுத்துச் சான்று கேட்டு வாங்குங்கள். நேர்முகப் புள்ளிகளைத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். ஆனால் தகவல் அலுவலர் முடிவு சொல்ல 14 வேலை நாட்கள் எடுக்கலாம், அதற்காகக் காத்திருந்தால் உங்கள் மாதம் கரைந்துவிடும். முறைப்பாட்டையும் தகவல் கோரிக்கையையும் ஒரே நாளில் கொடுங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான்.

தனியார் கொம்பனியென்றால் இந்த வழி பொதுவாகத் திறக்காது. 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மாகாண மேல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். வழக்கறிஞருக்குப் பணம் இல்லாதவர்கள் புதுக்கடை மேல் நீதிமன்றக் கட்டடத் தொகுதியிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். தேசிய அடையாள அட்டை, வருமானச் சான்று, விண்ணப்பத்தின் பிரதி, மின்னஞ்சல்கள், பதிவுத் தபால் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் முதல் நாளே கொண்டுபோங்கள்.