குறுக்குக் காற்றில் இறங்குவது எப்படி?

பரிசலில் ஆற்றைக் கடந்திருக்கிறீர்களா? அக்கரையில் நிற்கும் புளியமரத்தடியில் இறங்க வேண்டுமானால், பரிசல்காரர் மரத்தைப் பார்த்துத் துடுப்புப் போடுவதில்லை. நீரோட்டத்தை எதிர்த்துச் சற்று மேற்புறமாகவே தள்ளுவார். ஆறு பரிசலைக் கீழே இழுக்கும். இரண்டும் சேர்ந்து பரிசல் மரத்தடிக்குப் போய்ச் சேரும்.

விமானமும் காற்று என்னும் ஆற்றில் செல்லும் பரிசல்தான். ஆனால் அதற்குச் சக்கரங்கள் உண்டு. சக்கரம் பக்கவாட்டில் உருளாது. சங்கடம் அங்கேதான் தொடங்குகிறது.

கணிப்பொறியில் ஓடும் போர் விமானச் சிமுலேட்டர் ஒன்று உங்களுக்குக் கிடைத்தால், முதலில் என்ன செய்வீர்கள்? எதிரி விமானத்தைத் தேடிச் சுடுவீர்கள். எல்லோருக்கும் அதில்தான் ஆசை. ஆனால் இயற்பியல் கற்க விரும்புகிறவர் காற்றைக் குறுக்கே வீசச் செய்து, விமானத்தை இறக்கிப் பார்க்க வேண்டும். உண்மையான விமான நிலையத்தில் நமக்கு வேண்டிய காற்று வேண்டியபோது வீசாது. இங்கே அதன் திசையையும் வேகத்தையும் நாமே அமைத்து, ஒரே இறக்கத்தை ஐம்பது முறை திரும்பச் செய்யலாம்.

இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மானிய விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109-ஐ எடுத்துக்கொள்வோம். அது இறங்க வரும் வேகம் மணிக்கு 180 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 50 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடப்புறமிருந்து வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது. மென்மையான காற்றுதான். ஆனால் மூக்கை ஓடுபாதைக்கு நேராகவே வைத்துக்கொண்டு வந்தால், கடைசி 30 வினாடிகளில் விமானம் 150 மீட்டர் வலப்புறம் நகர்ந்துவிடும். ஓடுபாதையின் அகலமோ ஏறத்தாழ 50 மீட்டர்!

ஆகவே மூக்கை இடப்புறம் திருப்ப வேண்டும். எவ்வளவு? 5-ஐ 50-ஆல் வகுத்தால் 0.1. சைன் மதிப்பு 0.1 ஆக உள்ள கோணம் ஏறத்தாழ 6 டிகிரி. மூக்கு ஒரு பக்கம், பயணம் ஒரு பக்கம்! இதற்கு நண்டு நடை என்று பெயர். காற்று நேர் குறுக்காக வீசாமல் ஓடுபாதைக்கு 30 டிகிரி சாய்வாக வீசினால், அதன் வேகத்தில் பாதியே குறுக்கே தள்ளும். காரணம், சைன் 30 டிகிரி அரை அல்லவா?

இப்படியே தரையைத் தொட்டால் என்ன ஆகும்? இந்த விமானத்தின் முன்சக்கரங்கள் இரண்டும் எடை மையத்துக்கு முன்னால் உள்ளன. வாலில் ஒரு சிறு சக்கரம். மாட்டு வண்டியைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். சிறிது கோணினாலும் மேலும் மேலும் கோணிக்கொண்டே போகும். அதே கதைதான் இங்கும். சாய்வாகத் தொட்ட சக்கரத்தை உராய்வு இடப்புறம் தள்ள, பின்னாலுள்ள எடை நேரே போக முயல, விமானம் பம்பரம்போல் சுழன்றுவிடும். மெஸ்ஸர்ஷ்மிட்டின் சக்கரக் கால்கள் விமானத்தின் உடலிலேயே பொருத்தப்பட்டவை. இறக்கையைக் கழற்றினாலும் விமானம் தன் காலில் நிற்கும்; பழுது பார்ப்பவருக்கு வசதி. ஆனால் சக்கரங்கள் நெருக்கமாக அமைந்தன. அப்படிச் சுழலும்போது கால் ஒடியும், இறக்கை நுனி தரையில் உரசும். போரில் குண்டு படாமல் திரும்பி வந்தும் ஓடுபாதையில் நொறுங்கிய மெஸ்ஸர்ஷ்மிட்டுகள் ஏராளம். பிரிட்டனின் ஸ்பிட்ஃபயருக்கும் குறுகிய கால்களே. ஹரிக்கேன் அகலக் கால் விமானம். பழகுகிறவர் அதில் தொடங்குவது நல்லது.

சரி, தப்பிக்க வழி? தரையைத் தொடுவதற்குச் சற்று முன் வலக்கால் மிதியை அழுத்துங்கள். வால் சுக்கான் திரும்பி மூக்கை நேராக்கும். அப்போது இட இறக்கை மேலே எழப் பார்க்கும்; பிடியை இடப்புறம் சாய்த்து அதை அடக்குங்கள். மிதியைச் சீக்கிரம் அழுத்தினால் காற்று உங்களை ஓரத்துக்குத் தள்ளிவிடும். தாமதித்தால் சக்கரம் கோணலாகத் தொடும். இடையில் கிடைப்பது ஒன்றிரண்டு வினாடிகளே.

மற்றொரு முறையும் உண்டு. இட இறக்கையைத் தாழ்த்தியபடியே இறங்குங்கள். அந்தச் சாய்வு காற்றை எதிர்த்து விமானத்தை இடப்புறம் இழுக்கும். வல மிதி மூக்கை நேராக வைத்திருக்கும். முதலில் இடச் சக்கரம், பிறகு வலச் சக்கரம், கடைசியில் வால். பார்க்க விகாரம்தான். ஆனால் கடைசி நொடிப் பதற்றம் இதில் குறைவு. புதியவருக்கு இதுவே ஏற்றது என்பது என் எண்ணம்.

அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானம் (முதற் பறப்பு 1952) இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது. அதன் சக்கரங்களையே 20 டிகிரி வரை திருப்பலாம். மூக்கு எங்கோ பார்க்க, சக்கரங்கள் ஓடுபாதை வழியே உருளும்!

சிமுலேட்டரில் ஒரு குறை. உண்மை விமானம் பக்கவாட்டில் வழுக்கினால் விமானியின் இடுப்பு முதலில் உணரும். உங்கள் நாற்காலியோ அசையாது. எட்வின் லிங்க் என்னும் அமெரிக்கர், தம் தந்தையின் இசைக்கருவித் தொழிற்சாலையில் இருந்த துருத்திகளைக் கொண்டு 1929-இல் செய்த பயிற்சிப் பெட்டியாவது சாய்ந்து அசைந்தது. நீங்கள் கண்ணையே நம்ப வேண்டும். ஓடுபாதையின் நடுக்கோடு எந்தப் பக்கம் நழுவுகிறது என்று கவனியுங்கள்.

முதலில் வினாடிக்கு 2 மீட்டர் காற்றில் பத்து முறை இறங்குங்கள். பிறகு 3, பிறகு 5. ஒவ்வொரு முறையும் விலகு கோணத்தை முன்கூட்டியே தாளில் கணக்கிட்டு, திசைகாட்டியுடன் ஒப்பிடுங்கள். தரையைத் தொட்டதும் கையைத் தளர்த்திவிடாதீர்கள். விமானம் நிற்கும்வரை காற்று அந்த இட இறக்கையைத் தூக்கப் பார்த்துக்கொண்டே இருக்கும்.