ஆய்வகப் பதிவேடும் தூய்மைப் பணியாளர் உயிரும்

2010ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் வேலை பார்த்தவர்களுக்கு ஒருவர் பின் ஒருவராக உடம்பு கெட்டது. தோல் கறுத்தது, தலைமுடி கொட்டியது. மருத்துவமனையில் சேர்த்த பிறகுதான் காரணம் கதிர்வீச்சு என்று தெரிந்தது. அணுசக்தித் துறையினர் கருவிகளோடு வந்து தேடியபோது, இரும்புக் குவியலுக்கு நடுவே கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளின் துண்டுகள் கிடைத்தன. கடைக்காரர் ஒருவர் அதில் ஒரு துண்டைப் பணப்பையிலேயே வைத்திருந்தார். மொத்தம் 8 பேர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் 35 வயதுத் தொழிலாளி ஒருவர் அந்த மாதமே இறந்துபோனார்.

அந்தப் பொருள் வந்த இடம் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறை. ஆராய்ச்சிக்காகக் கனடாவிலிருந்து வாங்கிய காமா கதிர்க் கருவி அது. 1985க்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. 25 ஆண்டுகள் கழித்து, 2010 பிப்ரவரியில், பழைய சாமான்களோடு சேர்த்து அதையும் ஏலம் விட்டுவிட்டார்கள். வாங்கியவர்களுக்கு அது எடைக்குப் போடும் உலோகம். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. உடைத்தார்கள். பல்கலைக்கழகம் கதிரியக்கப் பொருட்களைப் பயன்படுத்துவதற்கான அனுமதியை ஒழுங்குமுறை வாரியம் பிறகு நிறுத்திவைத்தது. போன உயிர் போனதுதான்.

அந்த 25 ஆண்டுகளில் ஏதாவது ஓர் ஆண்டு, யாராவது ஒருவர் இருப்புப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாகச் சரிபார்த்து, ‘இது இன்னும் இங்கே இருக்கிறது, இது ஆபத்தானது’ என்று எழுதிவைத்து, ஏலம் விடுபவருக்கும் சொல்லியிருந்தால், அந்தத் தொழிலாளி இறந்திருக்க வேண்டியதில்லை. பதிவேடு வெறும் அலுவலகக் காகிதம் அல்ல என்று நாம் சொல்வதற்கு இதுதான் காரணம்.

அலமாரியில் தூங்கும் ஆபத்து

கதிரியக்கப் பொருள் எல்லாக் கல்லூரிகளிலும் இருக்காது. ஆனால், வேதியியல் ஆய்வகம் உள்ள எந்த இடத்திலும் ஆபத்தான புட்டிகள் இருக்கும். ஈதர் புட்டியைத் திறந்து மாதக்கணக்கில் வைத்துவிட்டால், காற்றோடு சேர்ந்து அதற்குள் பெராக்சைடு உருவாகும். அதன் பிறகு மூடியைத் திருகினாலே வெடிக்கலாம். பிக்ரிக் அமிலம் ஈரமாக இருக்கும்வரை அடங்கிக் கிடக்கும். காய்ந்துபோனால் அது வெடிமருந்து. நைட்ரிக் அமிலக் கழிவையும் ஆல்கஹால் கழிவையும் ஒரே கேனில் ஊற்றி மூடிவைத்தால், கேன் வெடிக்கும். ஆங்கில எழுத்து வரிசைப்படி புட்டிகளை அடுக்குவது பார்க்க அழகாக இருக்கும். ஆனால், ஒன்றுக்கொன்று சேரக் கூடாத இரண்டு பொருட்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும்.

வாங்கியவர் ஓய்வு பெற்றுப் போவார். ஆராய்ச்சி மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போவார். புட்டி மட்டும் அங்கேயே இருக்கும். ஒட்டிய சீட்டு அமிலப் புகையில் அரித்து உதிர்ந்துபோகும். உள்ளே இருப்பது என்னவென்று அப்புறம் யாருக்கும் தெரியாது.

காலையில் முதலில் நுழைபவர்

அந்த அறைக்குள் காலையில் முதலில் நுழைபவர் பேராசிரியர் அல்ல. துடைப்பமும் வாளியுமாக வரும் தூய்மைப் பணியாளர். பெரும்பாலும் ஒப்பந்தக் கூலி, பெரும்பாலும் பெண், பெரும்பாலும் நம் மக்கள். மாணவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி உண்டு, வெள்ளைக் கோட்டு உண்டு, கண்ணாடி உண்டு. அவருக்கு என்ன உண்டு? அமிலம் ஊற்றிய தொட்டியில் அவர் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தால் கிளம்புவது குளோரின், நுரையீரலை எரிக்கும் வாயு. இதை அவருக்கு யார் சொன்னார்கள்?

தொட்டியில் ஊற்றியது அங்கேயே நின்றுவிடுவதும் இல்லை. குழாய் வழியாகச் சாக்கடைக்கோ கழிவுத் தொட்டிக்கோ போகிறது. பாதுகாப்பில்லாமல் அதற்குள் மனிதரை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இருந்தும் இறக்குகிறார்கள், இறந்தும்போகிறார்கள். ஆய்வகத்தில் ஒருவர் காட்டிய அலட்சியத்துக்கு, அந்த ஆய்வகத்தையே பார்த்திராத இன்னொருவர் விலை கொடுக்கிறார். மாயாபுரியில் நடந்ததும் இதேதான்.

என்ன செய்ய வேண்டும்?

செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. எந்தப் பொருள், எவ்வளவு, எந்த அலமாரி, எப்போது வந்தது, எப்போது திறந்தது, யார் பொறுப்பு என்று பதிவேட்டில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது புட்டி புட்டியாகச் சரிபார்க்க வேண்டும். பொறுப்பாளர் மாறும்போது கையெழுத்துப் போட்டு ஒப்படைக்க வேண்டும். அபாயக் கழிவை 90 நாட்களுக்கு மேல் சேர்த்துவைக்கக் கூடாது, அனுமதி பெற்ற இடத்துக்கே அனுப்ப வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. பழைய இரும்புக் கடை அந்த இடம் அல்ல.

இதோடு நாம் கேட்பது இன்னும் ஒன்று. பயிற்சி பெறுவோர் பட்டியலில் தூய்மைப் பணியாளர் பெயரும் இருக்க வேண்டும். புட்டியில் உள்ள மண்டையோட்டுப் படத்துக்கும் தீப்பிழம்புப் படத்துக்கும் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தமிழில் விளக்க வேண்டும். கையுறையும் காலணியும் கொடுக்க வேண்டும். ரசாயனக் கழிவை அவர் கையில் கொடுத்து ‘கொட்டிவிட்டு வா’ என்று சொல்லக் கூடாது. ஒப்பந்தக்காரரைக் காரணம் காட்டி நிர்வாகம் ஒதுங்கக் கூடாது.

மாணவர்களே, உங்கள் துறையின் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். அரசுப் பல்கலைக்கழகம் என்றால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள், தூய்மைப் பணியாளர்களுக்கு என்ன பயிற்சி கொடுத்தார்கள் என்ற இரண்டு கேள்விகள் போதும். உங்களில் பலர், குடும்பத்திலேயே முதன்முதலாக ஆய்வகத்துக்குள் கால் வைப்பவர்கள். உங்கள் அம்மாவோ அத்தையோ வேறொரு கல்லூரியில் இதே அறையைக் கூட்டிக்கொண்டிருக்கலாம். அவர் கேட்க முடியாத கேள்வியை நீங்கள் கேளுங்கள்.