யூரென்: எம்எல்ஏ ஆகி சாதிக்காததை வெளியே இருந்து சாதிச்சவர்

இன்னைக்கு அமெரிக்காவோட ஒரேகான் மாநிலம்.

வில்லியம் யூரென், ஒரு கொல்லரோட மகன், வக்கீல். 1896-ல மாநில சட்டமன்றத்துக்கு ஜெயிச்சார். அப்போ அமெரிக்க செனட்டரை சட்டமன்றம்தான் தேர்ந்தெடுக்கும். அந்தச் சண்டையில 1897-ல கீழவை இயங்கவே இல்ல. அந்த முடக்கத்துல யூரெனுக்கும் பங்கு உண்டு. எம்எல்ஏ வாழ்க்கை அவ்வளவுதான்.

ஆனா அவர் விடல. மக்களே கையெழுத்து சேகரிச்சு, ஒரு சட்டத்தை நேரா ஓட்டுக்கு விடணும்னு கேட்டார். பதவி இல்லாமலே ஆள் ஆளா பார்த்துப் பேசினார். 1902-ல மக்கள் தீர்ப்பு: ஆதரவு 62,024, எதிர்ப்பு 5,668!

நம்ம பாஷையில சொன்னா, சட்டப் புத்தகத்துக்கு எல்லாருக்கும் ரைட் ஆக்சஸ். 1912-ல பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது இந்த வழியிலதான். 1914-ல யூரென் கவர்னர் தேர்தல்ல நின்னு தோத்தார்.

ஆனா எல்லாரும்னா, எல்லாரும்தான். 1922-ல கு க்ளக்ஸ் க்ளான் ஆதரவோட இதே வழியில ஒரு சட்டம் ஜெயிச்சது: பிள்ளைகள் அரசுப் பள்ளியிலதான் படிக்கணும். முக்கியக் குறி கத்தோலிக்கப் பள்ளிகள். 1925-ல உச்ச நீதிமன்றம் ஒருமனதா அதைச் செல்லாதுன்னு சொல்லிடுச்சு.