வறண்ட முகத்துக்கு வாசலின் போதாதா?

மார்கழி பிறந்து விட்டால் போதும், சேலம் நாமக்கல் சீமையில் கண்ணாடி முன்னே நிற்கவே மனம் வராது. முகம் கழுவியதும் கன்னம் இறுக்கிப் பிடிக்கும். சிரித்தால் உதட்டோரம் வெடிக்கும். மூக்கின் இரு பக்கமும் சாம்பல் பூத்தாற்போல் தோல் உரியும். சேர்வராயன் மலைக்கும் கொல்லி மலைக்கும் இடையே உள்ள இந்தச் சமவெளியில் பனிக்காலத்து வாடை சருமத்தின் ஈரத்தை உறிஞ்சி விடுகிறது. வெட்டவெளிக் களத்தில் சவ்வரிசி காய வைக்கும் பெண்களையும், நாமக்கல் பட்டறைகளில் லாரிக்குக் கூடு கட்டும் தொழிலாளிகளையும் கேட்டால், "எங்களுக்குப் பன்னிரண்டு மாசமும் மார்கழிதானுங்க" என்பார்கள்!

இதற்கு என்ன பூசுவது? மருந்துக்கடை வாசலில் சற்று நின்றால் இந்தப் பேச்சைக் கேட்கலாம்.

"ஏனுங்கண்ணா, மூஞ்சியெல்லாம் வறண்டு எரியுதுங்க. நல்ல கிரீமா ஒண்ணு குடுங்க."

"இதைப் பூசுங்க அம்மிணி. மூணே நாள்ல பளபளன்னு ஆயிரும்."

அந்த 'இது' என்ன என்று அம்மிணியும் கேட்பதில்லை; அண்ணாவும் சொல்வதில்லை. கூலிப் பணத்தில் ஒரு பங்கு அங்கே போய் விடுகிறது. போவது பணம் மட்டும்தானா என்பதைப் பிறகு பார்ப்போம்.

சுவரும் சாந்தும்

நம் தோலின் மேல்பாகம் ஒரு செங்கல் சுவர் மாதிரி. உயிரற்ற செல்கள்தான் செங்கல். அவற்றுக்கு இடையே உள்ள கொழுப்புதான் சாந்து. சாந்து கெட்டியாக இருக்கும் வரை உள்ளே இருக்கும் நீர் வெளியேறாது. சாந்து உதிர்ந்தால் நீர் ஆவியாகி விடும், செங்கல் பெயரும். முகம் உரிவது இப்படித்தான்.

இந்தச் சாந்தை நாமேதான் பெரும்பாலும் கரைத்து விடுகிறோம். சோப்பு காரத்தன்மை உள்ளது. சருமத்தின் மேற்பரப்போ லேசான அமிலத்தன்மை உள்ளது. போதாததற்கு நம் ஊர் போர் தண்ணீர்! பல கிராமங்களில் அது கடின நீர். நுரை வராது. நுரை வரவில்லையே என்று இன்னும் இரண்டு தேய்ப்பு தேய்க்கிறோம். நுரைக்குப் பதிலாகத் திரி திரியாக ஓர் அழுக்கு படிகிறது. அது முகத்திலேயே தங்கி எரிச்சலைக் கொடுக்கிறது. எண்ணெய்க் குளியலுக்கு அரப்பு அருமையான பொருள். ஆனால் எண்ணெய் எடுப்பதுதானே அதன் வேலை? ஏற்கெனவே எண்ணெய் வற்றிய முகத்தில் அதைத் தேய்க்கலாமா? கடலை மாவுக்கும் இதே கதிதான்.

ஆகவே முதல் வைத்தியத்துக்குக் காலணா செலவில்லை. முகத்துக்குச் சோப்பை ஒரு வேளையோடு நிறுத்துங்கள். கொதிக்கும் வெந்நீர் வேண்டாம். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

எண்ணெய்க் கிணற்றில் கிடைத்த களிம்பு

1859இல் அமெரிக்காவின் டைட்டஸ்வில் என்ற ஊரில் பூமியைத் துளைத்து எண்ணெய் எடுத்தார்கள். துளையிடும் கருவிகளில் ஒட்டிய மெழுகு போன்ற கசடைத் தொழிலாளிகள் திட்டிக்கொண்டே வழித்தார்கள். ஆனால் கையில் காயமோ தீப்புண்ணோ பட்டால் அதையே எடுத்துப் பூசிக்கொண்டார்கள்! ராபர்ட் செஸ்ப்ரோ என்ற இளம் ரசாயன நிபுணர் இதைக் கவனித்தார். கசடைச் சுத்தம் செய்தார். 1872இல் காப்புரிமை வாங்கினார். அதுதான் வாசலின். ஊர் ஊராக ரிக் லாரி அனுப்பிப் பூமியைத் துளைக்கும் திருச்செங்கோட்டுக்காரர்கள் கேட்டால் மகிழ்வார்கள்.

வாசலின் சருமத்துக்கு ஈரம் கொடுப்பதில்லை. இருக்கும் ஈரத்தைப் போகவிடாமல் மூடுகிறது. மூடுவதில் அதற்கு ஈடான பொருள் விலையுயர்ந்த புட்டிகளிலும் அபூர்வம். சூட்சுமம் பூசும் நேரத்தில் இருக்கிறது. முகம் கழுவி, ஈரம் முழுவதும் காய்வதற்கு முன், இரண்டு மூன்று நிமிஷத்துக்குள் பூச வேண்டும். காய்ந்த முகத்தில் பூசுவது வற்றிய குடத்துக்கு மூடி போடுவது போல. பட்டாணி அளவு எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து இளக்கி, முகத்தில் ஒற்றினால் போதும்.

பகலில் இது பிசுபிசுக்கும். பள்ளிபாளையத்துத் தறிக்கூடத்தில் பஞ்சும், ரோட்டில் புழுதியும் வந்து ஒட்டும். எனவே இரவுக்கு வாசலின், பகலுக்குக் கிளிசரின் கலந்த சாதாரண லோஷன் என்று வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். கிளிசரினைத் தனியாகப் பூசக் கூடாது. அது நீரை இழுக்கும் பொருள். வறண்ட காற்றில் தோலின் உள்ளிருந்தே இழுத்து விடும். பன்னீரில் கலந்து பூசிய நம் பாட்டிமார்கள் விவரமானவர்கள். மணம் போட்ட பன்னீர் எரிந்தால் வெறும் தண்ணீரே போதும்.

தேங்காய் எண்ணெய்? 2004இல் பிலிப்பைன்ஸில் வறண்ட சருமக்காரர்களிடம் சோதித்தார்கள். மினரல் ஆயிலுக்குச் சமமாக அது வேலை செய்தது. முகப்பரு வரும் முகத்துக்கு மட்டும் ஆகாது. ஆனால் சீமைச் சரக்கு என்று விலை கொடுத்து வாங்கும் ஆலிவ் எண்ணெய், தோலின் சாந்தைப் பலவீனப்படுத்துவதாக 2013இல் வெளியான இங்கிலாந்து ஆராய்ச்சி சொல்கிறது. சூரியகாந்தி எண்ணெய்க்கு அந்தக் குறை இல்லை. விலைக்கும் குணத்துக்கும் சம்பந்தமே இல்லை, பார்த்தீர்களா?

புட்டியைத் திருப்புங்கள்

கடையில் வாங்குவதானால் முன்பக்கப் படத்தைப் பார்க்காதீர்கள். பின்பக்க எழுத்தைப் படியுங்கள். கிளிசரின், பெட்ரோலேட்டம், லிக்விட் பாரஃபின், செராமைடு இவற்றில் இரண்டு மூன்று இருந்தால் நல்ல சரக்கு. வாசனை சேர்க்காததாக இருந்தால் மேலும் நல்லது.

சிறிய டியூப் மலிவு என்று எண்ண வேண்டாம். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் அரை கிராம். முகத்துக்கும் கழுத்துக்கும் அப்படி இரண்டரை தேவை. இரண்டு வேளை பூசினால் மாதம் 75 கிராம்! ஒரு கிராம் என்ன விலை என்பதையும் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்தச் சின்ன எழுத்தைத் தேடிப் பார்த்து வாங்குங்கள்.

மூன்று நாள் பளபளப்பு

இனி அந்த 'இது' விஷயத்துக்கு வருவோம். மூன்று நாளில் முகத்தை மினுக்கும் கிரீம்கள் பலவற்றில் இருப்பது ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று பெயர் இருந்தால் அது மாய்ஸ்சரைசர் அல்ல, மருந்து. 2018இல் மத்திய அரசு இத்தகைய களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும்; ரத்தக்குழாய்கள் சிவந்து தெரியும்; பெண்கள் முகத்தில் ரோமம் அரும்பும். நிறுத்தினாலோ நெருப்பாய் எரியும். எரிகிறதே என்று மறுபடியும் அதையே பூசுவார்கள்! நம் நாட்டுச் சரும டாக்டர்கள் இதற்கு 'ஸ்டீராய்டால் பழுதான முகம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பல மாதம் பூசியவர்கள் தாமாக நிறுத்தாமல் டாக்டரைப் பார்ப்பது நல்லது.

தயாரித்தவர் பெயரே இல்லாத சிவப்பழகு கிரீம்கள் இன்னும் மோசம். 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிலருக்குச் சிறுநீரகம் பழுதடைந்ததை ஆராய்ந்த டாக்டர்கள், அவர்கள் பூசிய கிரீமில் பாதரசம் இருந்ததைக் கண்டார்கள்.

வாசலினிலும் ஒரு ஜாக்கிரதை உண்டு. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போகாதீர்கள். பாரஃபின் ஊறிய துணியில் தீப்பிடித்தால் சீக்கிரம் பரவும்.

இரண்டு வாரம் ஒழுங்காகப் பூசியும் குணமில்லையா? நீர் கசிகிறதா? வறட்சியோடு உடல் சோர்வும் எடை கூடுதலும் இருக்கிறதா? தைராய்டு குறைவாகவும் இருக்கலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ, நாமக்கல்லில் 2022இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ சென்று காட்டலாம். முகத்தில் நிறம் வெளுத்து, காய்ந்து, தொட்டால் உணர்ச்சியில்லாத தேமல் இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். அது தொழுநோயின் ஆரம்பமாக இருக்கக்கூடும். முற்றிலும் குணமாகும் நோய் அது. அதற்கான மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கொடுக்கிறார்கள்.