காற்றின் முகவரி – 14: பத்து எழுத்துப் புயல்

வட இந்தியப் பெருங்கடல் புயலுக்குப் பெயர் வைக்கும் கதை, 2004இல் ஓனிலில் தொடங்கிய முதல் பட்டியல் 2020 மே மாதம் ஆம்பனோடு தீர்ந்த கதை எல்லாம் போன வாரமே ஆயிற்று. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம். இந்த வாரம் திருவனந்தபுரத்து வானாய்வகக் குன்றையும், சுவாதித் திருநாள் காலத்தில் அதன் பொறுப்பேற்ற ஜான் கால்டிகாட்டையும் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அவர்கள் ஒரு வாரம் பொறுக்கட்டும். குறுக்கே வந்து நிற்பது 2020 ஏப்ரலில் வெளியான இரண்டாம் பட்டியல். 13 நாடுகள், நாட்டுக்கு 13 பெயர், ஆக 169. பெயர் ஆங்கிலத்தில் எட்டு எழுத்தைத் தாண்டக் கூடாது என்பது பெயர்க்குழு தனக்குத் தானே போட்டுக்கொண்ட விதி. மியான்மர் தந்த பெயர்களை எண்ணிப் பாருங்கள்: மிச்சாங், கியார்த்திட், யின்காங் எல்லாம் சரியாக எட்டில் வந்து நிற்கின்றன. இந்தியாவின் வரிசையில் ஒன்பதாவதாக இருக்கும் பிரபஞ்ஜனுக்கோ ஆங்கிலத்தில் பத்து எழுத்து! வங்கதேசத்தின் கடைசிப் பெயரான மஹாநிஷாவுக்கு ஒன்பது. விதியை எழுதிய கையாலேயே மீறியிருக்கிறார்கள். அதனால் வானம் இடிந்துவிடவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். எல்லை தவறான இடத்தில் போடப்பட்டிருக்கிறது என்று நான் சொல்வதற்கு இதுவே முதல் சான்று.

நீண்ட பெயர் எங்கே இடிக்கும் என்று தெரிய, விமானிகளுக்குப் புயல் செய்தி எப்படிப் போய்ச் சேருகிறது என்று பார்ப்போம். உலகத்தில் இதற்கென ஏழு ஆலோசனை மையங்கள் உண்டு. வட இந்தியப் பெருங்கடலுக்குப் புதுதில்லி. அது வெளியிடும் அறிவிப்பு கச்சிதமான படிவம்: மையத்தின் பெயர், புயலின் பெயர், அறிவிப்பு எண், கண்டறிந்த இடம், நகரும் திசை, உச்சக் காற்று, ஆறு ஆறு மணி நேரமாக முன்கணிப்பு. திருவனந்தபுரத்தின் வான்வெளி சென்னை எல்லைக்குள் வருவதால், பறப்பவர்களுக்கான எச்சரிக்கை சென்னையிலிருந்து கிளம்பும். இந்த உலகத்தில் எதுவுமே சுருங்கித்தான் வாழும். ஆங்கிலத்தில் 18 எழுத்து நீளும் திருவனந்தபுரமே இங்கே வி-ஓ-டி-வி என்ற நான்கெழுத்துதான். புயலுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லையென்றால் பெயருக்கான இடத்தில் ‘என் என்’ என்று இரண்டே எழுத்து. இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத விஷயம் இதையொட்டியது. பழைய தொலைஅச்சு வலைப்பின்னலில் ஒரு செய்தி ‘இஸட் சி இஸட் சி’ என்று தொடங்கி, நான்கு ‘என்’களோடு முடியும். இரண்டு ‘என்’ என்றால் பெயரில்லை. நான்கு ‘என்’ என்றால் செய்தியே முடிந்தது. அந்த வலைப்பின்னலில் ஒரு வரிக்கு 69 எழுத்து, ஒரு செய்திக்கு 1,800 எழுத்து என்று கணக்கு வைத்திருந்தார்கள்.

இயந்திரத்துக்காகத்தான் சின்னப் பெயர் வேண்டும் என்று சிலர் வாதிடலாம். 69 எழுத்து கொள்ளும் வரியில் பிரபஞ்ஜன் கூடுதலாகக் கேட்பது இரண்டே எழுத்து. 2020 நவம்பர் முதல் வானிலைத் தகவல் எக்ஸ்எம்எல் வடிவிலும் பரிமாறப்படுகிறது. அங்கே தொடக்கக் குறிக்கும் முடிவுக் குறிக்கும் நடுவில் பெயர் உட்கார்ந்துகொள்ளும். கட்டம் கட்டமாக எண்ண வேண்டியதில்லை. இதைவிட வலுவான ஆட்சேபம் வானொலியைப் பற்றியது. இரைச்சலுக்கு நடுவே, வேற்று உச்சரிப்புக்காரர் ஒருவர் சொல்லும் பெயர் காதில் பிசகாமல் விழ வேண்டும் என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் காது எழுத்தை எண்ணுவதில்லை. ஏழெழுத்து டவ்-தே 2021 மே மாதம் வந்தபோது, அதை எப்படி வாசிப்பது என்று வானிலைத் துறையே விளக்க வேண்டியிருந்தது. எட்டெழுத்து மிச்சாங் 2023இல் தமிழ்ப் பத்திரிகைகளில் மிக்ஜாம் ஆனது. பத்தெழுத்துப் பிரபஞ்ஜனை இந்தியாவில் யாரும் தடுமாறாமல் சொல்வார்கள். எல்லை வேண்டுமென்றால் அசைக்குப் போடுங்கள், எழுத்துக்கு ஏன்? பெயருடன் உச்சரிப்பையும் பேச்சுப் பதிவையும் சேர்த்துத் தர வேண்டும் என்ற இன்னொரு விதி அதே குழுவிடம் இருக்கிறது. உண்மையில் வேலை செய்கிற விதி அதுதான்.

பெயர் என்பது ஒரு செய்தியை அடுத்த செய்தியோடு கட்டும் கயிறு, அவ்வளவே. கயிறு இல்லாத நேரம்தான் ஆபத்து. காற்று 34 நாட் வேகத்தைத் தொடும்வரை பெயர் கிடையாது. ஒக்கி புயலைப் பாருங்கள்: 2017 நவம்பர் 29 காலை அது இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலமாக இருந்தது, அன்றிரவே குமரிக் கடலுக்குள் நுழைந்தது. மறுநாள் விடியலுக்கு முன் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், முற்பகலில் ஒக்கி. கரையோரம் அதைப் பெயர் சொல்லி அறிந்தபோது அது கன்னியாகுமரியை ஒட்டி ஏற்கெனவே வீசிக்கொண்டிருந்தது. மீனவர்களுக்கு முன்பே சொன்னோம் என்றது வானிலைத் துறை. புயல் என்ற தகவல் 30ஆம் தேதி நண்பகலில்தான் வந்தது என்றது கேரள அரசு. பெயர் ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் கடலில் மாண்டவர்கள் எல்லாரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அதே குமரிக் கரையின் தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் படகுகள் பல நாள் தங்கலுக்குப் போனவை. எந்தப் பெயரும் அங்கே எட்டியிருக்காது. ஆனால் கரையில் இருந்தவர்கள் ‘தாழ்வு மண்டலம்’ என்ற சொல்லுக்குக் கொடுத்த மரியாதை வேறு, ‘ஒக்கி’க்குக் கொடுத்த மரியாதை வேறு. விமானப் படிவம் இந்தக் கோளாறிலிருந்து தப்பியிருக்கிறது. 34 நாட் வேகத்தை எட்டும் என்று எதிர்பார்த்தாலே ‘என் என்’ என்று போட்டு இடத்தையும் வேகத்தையும் எழுத அது வழி விடுகிறது. பெயரில்லாவிட்டாலும் எண்கள் வரும்.

மறுபக்கமும் உண்டு. 2020 டிசம்பரில் மாலத்தீவு தந்த புரெவி, ஆறெழுத்து, விதிக்கு அடங்கிய பெயர். அந்தப் புயல் மன்னார் வளைகுடாவிலேயே வலுவிழந்து ராமநாதபுரம் அருகே தேங்கி நின்றது. ஆனாலும் டிசம்பர் 4 அன்று திருவனந்தபுரம் விமான நிலையம் காலை 10 முதல் மாலை 6 வரை மூடிக் கிடந்தது. மூடியது தவறு என்று சொல்ல மாட்டேன். சங்குமுகம் கடற்கரையை ஒட்டிய ஓடுபாதை அது, எச்சரிக்கையாக இருந்ததில் குற்றமில்லை. ஆனால் வைத்த பெயர் காற்று தணிந்த பிறகும் தங்கிவிடுகிறது. பெயர் உள்ளே வருவதில் சிக்கல் இல்லை: பட்டியலில் டிட்வா என்ற பெயருக்குப் பின் அர்னப், அதற்குப் பின் இந்தியா தந்த முரசு. முரசுக்கு ஆங்கிலத்தில் ஆறே எழுத்து, எந்தக் கட்டத்திலும் அடங்கும். ஆனால் வலுவிழந்த புயலின் பெயரை அறிவிப்புகளிலிருந்து எப்போது எடுப்பது, யார் எடுப்பது என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். வானாய்வகக் குன்றில் ஏறுமுன் அதை முடித்துவிடலாம், அடுத்த வாரம்.