பழைய பொறிக்குப் புத்துயிர்

இரட்டை மாடு பூட்டிய வண்டியொன்று சாலையில் செல்கின்றது. ஒரு மாடு இளமையும் வலிமையும் வாய்ந்தது. மற்றொன்று முதுமையால் தளர்ந்தது. வண்டியின் விரைவை வரையறுப்பது எந்த மாடு? தளர்ந்த மாடே அன்றோ? வலிய மாட்டுக்கு மேலும் தீனி இட்டாலும், அதனினும் வலிய மாடொன்றை அதன் இடத்தில் பூட்டினாலும், வண்டி முன்னையினும் விரைந்து செல்லாது. ஆதலின், வண்டியோட்டுவோன் முதற்கண் ஆராய வேண்டுவது, தளர்ந்தது எது என்பதேயாகும். இவ்வுண்மை வண்டிக்கு மட்டுமன்றிக் கணிப்பொறிக்கும் பொருந்தும்.

கணிப்பொறி விளையாட்டுகள் ஆண்டுதோறும் நுட்பம் மிகுந்து வருகின்றன. திரையில் தோன்றும் மலையும் ஆறும் மாந்தரும் ஒவ்வொரு நொடியிலும் பன்முறை புதிது புதிதாக வரையப்படும் ஓவியங்களே. நொடிக்கு 60 படங்கள் வேண்டுமாயின், ஒரு படத்தை வரைந்து முடிக்கக் கிடைக்கும் காலம் ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கே. அதற்குள் வேலை முடியாவிடின், காட்சி தடைப்பட்டுத் தடைப்பட்டு ஓடும். ஆண்டு பல கடந்த பொறி இந்நிலையை அடைதல் இயல்பு. அதனை ஒதுக்கிவிட்டுப் புதியதொன்று வாங்குதல் செல்வர்க்கு எளிது. நடுத்தரக் குடும்பத்தினர்க்கு அரிது. வேண்டிய உறுப்பை மட்டும் மாற்றிப் பொறியைப் புதுப்பித்தலே அவர்க்கு ஏற்ற வழி. ஆயினும், எதனை மாற்றுவது என்று அறியாமல் செலவிடும் பொருள், வலிய மாட்டுக்கு இட்ட தீனியாகவே முடியும்.

விளையாட்டுக்கு உதவும் உறுப்புகள் யாவை? கணக்கிடும் வேலையைச் செய்வது மையச் செயலகம். இதனைப் பிராசசர் என வழங்குவர். படங்களை வரைவது கிராபிக்ஸ் கார்டு எனப்படும் வரைகலை அட்டை. வேலை நடக்கும்பொழுது வேண்டிய செய்திகளைக் கையருகே வைத்திருப்பது ராம் எனப்படும் நினைவகம். எல்லாவற்றையும் நிலையாகச் சேமித்து வைப்பது ஹார்டு டிஸ்க் என்னும் வன்தட்டு. இவற்றை ஒன்றோடொன்று இணைப்பது மதர்போர்டு என்னும் தாய்ப்பலகை. இவற்றுக்கெல்லாம் மின்சாரம் பகிர்ந்தளிப்பது பவர் சப்ளை. இவற்றுள் ஒன்று தளர்ந்தாலும், ஏனையவை அதற்காகக் காத்து நிற்கும்.

இளைஞன் ஒருவனிடம் 2017-ஆம் ஆண்டில் வாங்கிய கணிப்பொறி ஒன்று உள்ளது எனக் கொள்க. அதன் செயலகம் அவ்வாண்டு வெளிவந்த ரைசன் 5 1600. வரைகலை அட்டை 2016-இல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1060. நினைவகம் 8 ஜிபி. சேமிப்பதற்கு வன்தட்டு ஒன்று. பலர் ஒருங்கே கூடிப் பொருதும் போர் விளையாட்டே அவனுக்கு விருப்பமானது. அது தடைப்பட்டு ஓடக் கண்ட அவன், தன் கையிலுள்ள தொகை முழுவதையும் புதிய வரைகலை அட்டைக்கே செலவிட எண்ணினான். நண்பர் பலரும் அதனையே கூறினர். எனினும், அவன் பொறுமையுடன் ஆராயத் தலைப்பட்டான்.

முதலில் அவன் பொருட்செலவில்லாத வழிகளை நாடினான். மின்னிணைப்பைத் துண்டித்துப் பெட்டியைத் திறந்தான். உடலில் தங்கியிருக்கும் நிலைமின்சாரம் நுண்ணிய உறுப்புகளைக் கெடுக்கக் கூடும். ஆதலின், பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்ட பின்னரே உள்ளே கை வைத்தான். விசிறிகளில் தூசி அடர்ந்து படிந்திருந்தது. தூசி மிகுந்தால் வெப்பம் வெளியேறாது. வெப்பம் 90, 95 பாகை செல்சியசு அளவை எட்டுமாயின், செயலகம் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் விரைவைத் தானே குறைத்துக்கொள்ளும். விசிறிகள் சுழலாதவாறு பிடித்துக்கொண்டு அவன் தூசியைப் போக்கினான். செயலகத்துக்கும் அதனைக் குளிர்விக்கும் உலோகக் கட்டிக்கும் இடையே தடவப்பட்டிருந்த வெப்பப்பசை காய்ந்து போயிருந்தது. அதனைத் துடைத்துப் புதுப்பசை இட்டான். பின்பு, பயாஸ் எனப்படும் அடிப்படை அமைப்பைத் திறந்து நோக்கினான். 3200 என்னும் விரைவுக்கு உரிய நினைவகம், 2133 என்னும் குறைந்த விரைவிலேயே இத்தனை ஆண்டுகளாக இயங்கி வந்திருந்தது! எக்ஸ்.எம்.பி. என்னும் அமைப்பை இயக்கியதும் அக்குறை நீங்கிற்று. காசு செலவில்லாமலே பொறி சிறிது தெளிவு பெற்றது.

அடுத்து, சிறு செலவில் பெரும்பயன் தருவன எவை என்று நோக்கினான். வன்தட்டில் தகடு ஒன்று நிமிடத்துக்கு 7200 முறை சுழல, ஊசி போன்ற உறுப்பொன்று அதன்மேல் நகர்ந்து செய்தியைத் தேடுகின்றது. ஒவ்வொரு தேடலுக்கும் ஆயிரத்தில் பத்துப் பங்கு நொடி ஏறத்தாழ ஆகும். எஸ்.எஸ்.டி. என்னும் திண்மச் சேமிப்பகத்திலோ சுழலும் உறுப்பு யாதும் இல்லை. அது நூறில் ஒரு பங்கு நேரத்திலேயே தேடலை முடித்துவிடும். இதனால் நொடிக்குரிய படங்களின் எண்ணிக்கை பெரிதும் உயராது. ஆயின், விளையாட்டு தொடங்கக் காத்திருக்கும் நேரம் மிகக் குறையும். அவன் தன் கோப்புகளைப் படியெடுத்து வைத்த பின்னரே இம்மாற்றத்தைச் செய்தான். 8 ஜிபி நினைவகத்துடன் அதே வகையான மற்றொரு 8 ஜிபியையும் சேர்த்தான். அளவு இரு மடங்கானதோடு, செய்தி செல்லும் வழியும் ஒற்றைப்பாதையிலிருந்து இரட்டைப்பாதையாயிற்று. நினைவகம் வாங்குவோர் அதன் வகையை அறிந்து வாங்குதல் வேண்டும். டிடிஆர் 4 வகைக்கு உரிய பலகையில் டிடிஆர் 5 பொருந்தாது.

இனி, எஞ்சி நிற்பது பெரிய வினா. தளர்ந்த மாடு செயலகமா, வரைகலை அட்டையா? இதனை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. விளையாட்டின் அமைப்பில் படத்தின் நுண்மையைப் பெரிதும் குறைத்துப் பார்த்தல் வேண்டும். நுண்மை குறைந்தால் வரைகலை அட்டையின் சுமை குறையும். அப்பொழுது நொடிக்குரிய படங்கள் மிகுமாயின், தளர்ந்தது அட்டையே என்று தெளியலாம். மிகாவிடின், அட்டை ஓய்ந்திருக்கச் செயலகமே திணறுகின்றது என்பது பெறப்படும். இளைஞன் சோதித்தான், படங்களின் எண்ணிக்கை சற்றும் உயரவில்லை. பல வீரர்களின் இயக்கத்தையும் ஒருங்கே கணக்கிடும் வேலை செயலகத்தைச் சார்ந்தது அன்றோ? தான் எண்ணியவாறே புதிய அட்டையை வாங்கியிருந்தால், அவ்விளையாட்டில் சிறிதும் பயன் கண்டிருக்க மாட்டான்.

செயலகத்தை மாற்றும் முன் தாய்ப்பலகையை ஆராய்தல் இன்றியமையாதது. அவனுடைய பலகை ஏஎம் 4 என்னும் வகையைச் சார்ந்தது. 2022-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் வெளிவந்த ரைசன் 5 5600 என்னும் செயலகம், ஐந்தாண்டு முந்திய அவ்வகைப் பலகைகள் பலவற்றிலும் பொருந்தும். எனினும், பயாஸைப் புதுப்பித்த பின்னரே அது இயங்கும். பழைய செயலகம் இருக்கும்பொழுதே அப்பணியை முடித்துக்கொள்ளுதல் வேண்டும். இடையே மின்சாரம் தடைப்பட்டால் பலகையே பயனற்றுப் போகவும் கூடும். விண்டோசு 10-க்குரிய பொதுவான ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. விண்டோசு 11-க்கு ஏற்றவை என்று அறிவிக்கப்பட்ட செயலகங்களின் பட்டியலில் ரைசன் 5 1600 இல்லை, 5600 உண்டு. ஆகவே, ஒரு மாற்றத்தால் இருபயன் விளைந்தது.

எல்லாப் பொறிக்கும் இத்தகைய நல்வாய்ப்புக் கிட்டுவதில்லை. அதே 2017-இல் ஏழாம் தலைமுறை இன்டெல் செயலகத்துடன் வாங்கிய பொறிகளும் உள. அவ்வாண்டின் இறுதியில் எட்டாம் தலைமுறை வெளிவந்தது. பொருத்துவாயின் பெயரும் ஊசிகளின் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தும், பழைய பலகைகள் புதிய செயலகத்தை ஏற்கவில்லை. அத்தகைய பொறியை உடையவர், பிற்காலத்தில் வேறொரு பொறிக்கு எடுத்துச் செல்லத்தக்க எஸ்.எஸ்.டி., வரைகலை அட்டை, பவர் சப்ளை ஆகியவற்றுக்கு மட்டும் செலவிட்டு, எஞ்சிய தொகையைப் புதிய பலகைக்காகச் சேமித்தல் அறிவுடைமை.

வரைகலை அட்டையே தளர்ந்தது எனக் கண்டவர், மின்தேவையையும் கருதுதல் வேண்டும். புதியன யாவும் மிகுந்த மின்சாரம் உண்ணும் என்பது தவறு. ஜிடிஎக்ஸ் 1060 அட்டைக்கு 120 வாட் வேண்டும். 2023-இல் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 4060 அட்டைக்கோ 115 வாட்டே போதும். ஆயினும், பெயர் அறியாத மலிவான பவர் சப்ளையை நம்பி விலையுயர்ந்த உறுப்புகளை அதனோடு இணைத்தல், உளுத்த தூணின்மேல் மாடி கட்டுவதை ஒக்கும். தம் திரையின் ஆற்றலையும் நோக்குதல் நன்று. நொடிக்கு 60 படங்களே காட்டும் திரைக்கு, 200 படங்கள் வரையும் அட்டை எதற்கு? விரலுக்குத் தக்க வீக்கமே அழகு.

பழைய பொறியைப் பேணுவதால் வீட்டுக்கு மட்டுமன்றி நாட்டுக்கும் நன்மை உண்டு. 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் குவிந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டது நான்கில் ஒரு பங்கினும் குறைவே. இன்னும் உழைக்கவல்ல பொறியைக் குப்பையில் எறிதல் அக்குவியலை வளர்ப்பதாகும்.

அவ்விளைஞனின் விளையாட்டு இப்பொழுது தடையின்றி ஓடுகின்றது. பழைய வரைகலை அட்டை அப்பெட்டியிலேயே இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றது. அவன் கையிருப்பில் ஒரு பகுதி செலவாகாமல் எஞ்சியிருக்கின்றது. குறை எங்கே உள்ளது என்று ஆராய்ந்து, அவ்விடத்தில் மட்டும் பொருளைச் செலவிட்டமையால் பெற்ற பயன் இது. ஆராயாமல் வாரி இறைப்பவனுக்குப் பெருஞ்செல்வமும் போதாது. ஆராய்ந்து செய்பவனுக்குச் சிறுதொகையும் பெரும்பயன் தரும்.