கைக்கடிகாரம் வைத்திருக்கும் கணக்கு

சென்னையில் அசோகத் தூணைச் சுற்றியுள்ள அவென்யூக்களிலும் கே.கே. நகர் சிவன் பூங்காவிலும் விடியற்காலையில் நடப்போரில் பலருடைய மணிக்கட்டில் இன்று ஒரு ஸ்மார்ட் வாட்ச் இருக்கிறது. அது அடிகளை எண்ணி, இதயத்துடிப்பை அளந்து, உறக்கத்தைக் கணித்து, அவ்வளவையும் கைப்பேசிச் செயலியிடம் ஒப்படைக்கிறது. ஆனால் அணிந்திருப்பவர் பார்ப்பதோ, செயலி தேர்ந்தெடுத்துக் காட்டும் ஒரு வண்ண வட்டத்தையும் ஒரு பாராட்டு வரியையும் மட்டுமே. பல ஆண்டுகளாகச் சேர்ந்த இந்தப் பதிவு ஒருவருடைய சொந்த உடலைப் பற்றிய ஆவணம் என்பதால், அது முழுமையாக அவர் கைக்கு வர வேண்டும் என்பதும், அதைப் படிக்கும் முறையை அவர் அறிந்திருக்க வேண்டும் என்பதும் வலியுறுத்திச் சொல்ல வேண்டியவை.

தரவைப் பெறுவது கடினமன்று. ஆப்பிள் ஹெல்த் செயலியில் சுயவிவரப் படத்தைத் தொட்டால் திறக்கும் பக்கத்தின் அடியில், எல்லா உடல்நலத் தரவையும் ஒரே ஜிப் கோப்பாக வெளியே எடுக்கும் வசதி இருக்கிறது. சாம்சங் ஹெல்த் செயலியின் அமைப்புகளிலும் தனிப்பட்ட தரவைப் பதிவிறக்கும் வசதி உண்டு. ஃபிட்பிட் நிறுவனத்தை 2021 ஜனவரியில் கூகுள் வாங்கி முடித்துவிட்டதால், அதன் பதிவுகள் கூகுள் டேக்அவுட் சேவை வழியாகக் கிடைக்கின்றன. கையில் வருபவற்றில் பல சிஎஸ்வி, அதாவது காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட அட்டவணையாக எக்செல்லில் நேரே திறக்கும் கோப்புகள். ஆப்பிள் தருவது மட்டும் எக்ஸ்எம்எல் என்னும் குறியீட்டு வடிவிலான மிகப் பெரிய கோப்பு என்பதால், அதை அட்டவணையாக்க ஒரு மாற்றுக் கருவி தேவைப்படும். அதற்காக முன்பின் தெரியாத இணையதளத்தில் உடல்நலப் பதிவு முழுவதையும் ஏற்றிவிடாமல், சொந்தக் கணினியிலேயே இயங்கும் நிரலைப் பயன்படுத்துவது நல்லது.

கோப்பைத் திறந்தவுடன் வரும் முதல் குழப்பம் நேரத்தைப் பற்றியது. சாம்சங் ஹெல்த் தரும் கோப்பில் பத்தித் தலைப்புகள் முதல் வரியில் இல்லாமல் இரண்டாம் வரியில் இருக்கும். தொடக்க நேரம் என்ற பத்தியில் உள்ளது இந்திய நேரமன்று, உலகப் பொது நேரம். அருகே வேறொரு பத்தியில் ‘யுடிசி+0530’ என்று, இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே இருப்பது குறிக்கப்பட்டிருக்கும். இதைக் கவனிக்காமல் நாள்வாரியாகக் கூட்டினால், அசோக் நகரில் காலை 5 மணிக்குத் தொடங்கி 6 மணிக்கு முடிந்த நடை, கோப்பில் முந்தைய நாள் இரவு 11.30க்குத் தொடங்கி நள்ளிரவு 12.30க்கு முடிந்ததாகத் தெரியும்; அதன் முதற்பாதி நேற்றைய கணக்கிலும் மறுபாதி இன்றைய கணக்கிலும் சேர்ந்துவிடும். நடக்காத நாளில் நடந்ததாகவும், நடந்த நாளில் சோம்பியிருந்ததாகவும் ஒரு பொய்ச் சித்திரம் இப்படித்தான் உருவாகிறது. எக்செல்லில் நேரம் உள்ள கட்டத்துடன் 5.5/24 என்ற எண்ணைக் கூட்டினால், நாளின் ஒரு பின்னமாக ஐந்தரை மணி நேரம் சேர்ந்து கணக்கு நேராகிவிடும்.

அடுத்த சிக்கல் இரட்டைக் கணக்கு. சட்டைப்பையில் கைப்பேசியும் மணிக்கட்டில் கடிகாரமும் ஒரே நடையைத் தனித்தனியே எண்ணுகின்றன. செயலி இவ்விரண்டையும் ஒப்பிட்டு ஒன்றை விலக்கிக் காட்டுகிறது, ஏற்றுமதியான மூலக் கோப்பிலோ இரண்டும் இருக்கும். ஒவ்வொரு பதிவையும் எழுதிய கருவியின் அடையாளம் அதனுடனேயே இருப்பதால், ஏதேனும் ஒரு கருவியை மட்டும் வடிகட்டி எடுத்துக்கொண்டு கூட்டுவதே சரியான வழி.

எண்கள் சரியாகக் கூட்டப்பட்ட பின்னும், அவை எதை அளந்தன என்ற கேள்வி எஞ்சுகிறது. அடிகளை எண்ணுவது முடுக்கமானி, அதாவது அசைவின் வேக மாற்றத்தை உணரும் சிறு சில்லு. கை அசைவிலிருந்து அது நடையை ஊகிப்பதால், இரு கைகளிலும் காய்கறிப் பையுடன் நடப்பவரின் அடிகள் குறைந்தும், கையை ஆட்டிச் செய்யும் வீட்டு வேலைகள் சில நேரம் அடிகளாகவும் பதிவாகக்கூடும். இதயத்துடிப்பை, தோலுக்குள் பாய்ச்சும் பச்சை ஒளி குருதியோட்டத்துக்கேற்ப மாறித் திரும்புவதைக் கொண்டு கருவி கணிக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் ஏழு கருவிகளை 60 பேரிடம் சோதித்தபோது, ஆறு கருவிகள் இதயத்துடிப்பை 5 சதவீதத்துக்கும் குறைவான பிழையுடன் அளந்தன. செலவான கலோரியிலோ, மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் பிழைபட்டது. எனவே கலோரிப் பத்தியை நம்பி உணவைக் கூட்டுவதும் குறைப்பதும் தவறு. அந்தப் பத்தியை மறைத்துவிடுவதே மேல்.

பத்தாயிரம் அடி என்ற இலக்குக்கும் மருத்துவ ஆய்வு பிறப்பிடமன்று. டோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்து 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் பெயராகவே அது பரவியது. சராசரி வயது 72 உள்ள பெண்களைப் பற்றி 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 7,500 அடி வரையில்தான் இறப்பு விகிதம் குறைந்துகொண்டே வந்தது. 2,700 அடி நடந்தோரைவிட 4,400 அடி நடந்தோர் நிலை தெளிவாக மேம்பட்டிருந்தது. மேற்கு மாம்பலத்திலோ அசோக் நகரிலோ ஒரு மூதாட்டி தம் கோப்பில் 4,000 அடிகளைக் கண்டு மனம் தளர வேண்டியதில்லை.

ஒருவரை அவருடைய முந்தைய மாதங்களோடு ஒப்பிடும்போதுதான் இத்தரவு பயன் தருகிறது. ஒவ்வொரு நாளுக்கும் அந்நாளையும் அதற்கு முந்தைய ஆறு நாள்களையும் சேர்த்துச் சராசரி கண்டால், நகரும் சராசரி எனப்படும் அக்கோட்டில் தனி நாள்களின் ஏற்ற இறக்கம் அடங்கிப் போக்கு மட்டும் தெரியும். ஐப்பசி மழையில் நடை எவ்வளவு சரிந்தது, அக்னி நட்சத்திர நாள்களில் எந்த நேரத்துக்கு இடம் மாறியது என்பவை வெளிப்படும். சென்னை திருமங்கலம் ஆசியாட் காலனியில் குடியிருப்போர் தாங்களே முன்வந்து பூங்கா அமைத்த பின், வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்வோர் சுமார் 14 சதவீதத்திலிருந்து 59 சதவீதத்தை நெருங்கியதை, நீரிழிவு மருத்துவர் வி. மோகன் குழுவினர் 2006இல் வெளியிட்டனர். பல ஆண்டு இடைவெளியில் இருமுறை அளந்து கண்ட அத்தகைய மாற்றத்தை, இன்று ஒருவர் தம் அளவில் நாள்தோறும் காண முடிகிறது. ஓய்வுநிலை இதயத்துடிப்பின் மூன்று மாதப் போக்கை ஒரே பக்கத்தில் அச்சிட்டு மருத்துவரிடம் காட்டினால், நினைவிலிருந்து சொல்லும் விடையைவிட அது பெரிதும் உதவும்.

நடந்த வழியைப் பதிந்த ஜிபிஎக்ஸ் கோப்பைப் பகிரும்போது எச்சரிக்கை வேண்டும், ஏனெனில் அதன் முதற்புள்ளி பெரும்பாலும் வீட்டு வாசலே. உடற்பயிற்சிச் செயலியான ஸ்ட்ராவா, பயனர்கள் சென்ற வழிகளைத் தொகுத்து வெளியிட்ட உலக வரைபடத்தில் இராணுவ முகாம்களின் இருப்பிடம் தெரிந்துவிட்டது 2018 ஜனவரியில் அம்பலமானது. தரவைப் பெறும் வசதி எல்லா இடங்களிலும் சட்டத்தால் உறுதி செய்யப்பட்டதன்று. ஐரோப்பாவில் 2018 முதல் தரவை ஒரு நிறுவனத்திடமிருந்து வேறொன்றுக்கு எடுத்துச்செல்வது சட்டப்படியான உரிமை. இந்தியாவில் 2019இன் மசோதாவில் இருந்த அவ்வுரிமை, 2023இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம்பெறவில்லை. செயலாக்கப்படும் தரவின் சுருக்கத்தைக் கேட்கவும், திருத்தவும் அழிக்கவும் கோரவும் அது வழிசெய்கிறது. ஆகவே வேறு நிறுவனத்தின் கடிகாரத்துக்கு மாறுவோர், பழைய கணக்கை நீக்குவதற்கு முன்பே முழுத் தரவையும் பதிவிறக்கி, கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்த்து, கணினியில் ஒன்றும் வெளி வன்தட்டில் ஒன்றுமாக இரு படிகள் வைத்துக்கொள்வது அவசியம்.